கண் சிமிட்டாத விமலா

பிரேசர் டவுனில் எங்கள் சர்ச்சின் பாரிஷ் ஹாலில் இப்போது கராத்தே வகுப்பு நடத்துகிற ஷீபா போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தாள். என்னிடம் கற்றவள்தான். வகுப்பின் ஆண்டு விழாவுக்கு ஒரு மலர் போடுகிறார்களாம். அதில் நான் 'மவாஷி கெரி' பற்றி எழுத வேண்டுமாம். பக்கவாட்டிலிருந்து சுழன்று வருகிற உதைக்கு அதுதான் பெயர். இந்த ஊரில் பல வருஷம் நான் பிழைத்ததே அந்த உதையைச் சொல்லிக் கொடுத்துத்தான். இடுப்பு தேய்ந்துபோய் மாடிப்படிக்குக் கைப்பிடி தேடுகிற இந்த வயதில் அதைப் பற்றி எழுத மட்டும்தான் முடியும் என்று ஷீபாவுக்கும் தெரியும்.

பேச்சுவாக்கில் இப்போதைய ஏற்பாடுகளைச் சொன்னாள். தலைக்கு ஹெல்மெட், பல்லுக்கு ரப்பர் உறை, போட்டி என்றால் ஓரத்தில் ஒரு டாக்டர். இதெல்லாம் இல்லாமல் உங்கள் காலத்தில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டாள். ஏதோ சமாளித்தோம் என்று சொல்லி, காபியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். உண்மையில் ஒரு சனிக்கிழமை நான் சமாளிக்கவில்லை. எழுதுவதென்றால் அதைத்தான் எழுத வேண்டும். மலரில் போடுவதும் விடுவதும் ஷீபாவின் இஷ்டம்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். கராத்தேக்காரி என்றால் நெஞ்சுரம் உள்ளவள் என்று ஊரில் ஒரு நினைப்பு. நான் பயந்தவள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், கேஸை மூடினோமா என்று திரும்பி வருகிற ரகம். என் வீட்டுக்காரர் அந்தோணி பத்து நிமிஷம் தாமதமாக வந்தால், அதற்குள் மனசில் அவருக்கு மூன்று விபத்து நடந்து முடிந்திருக்கும். வகுப்பிலும் அப்படித்தான். வந்தவர்கள் நகம் வெட்டியிருக்கிறார்களா, தாலிச்சரட்டைப் பின் குத்தி அடக்கியிருக்கிறார்களா, மேலே ஃபேன் ஆடுகிறதா என்று எல்லாம் பார்த்த பிறகுதான் வணக்கமே வைப்பேன். பெண்கள் முதுகுக்குப் பின்னால் என்னை 'கவலை மிஸ்' என்று சொல்லிக்கொள்வார்கள். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

தொண்ணூற்றொன்றில் நான் கராத்தேயில் சேர்ந்ததும் பயத்தால்தான். ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். வேலை முடிந்து வருகிற வழியில் ஒருவன் தினமும் பின்னால் வந்தான். அவன் ஒரு நாளும் ஒன்றும் செய்யவில்லை. ஒரு மாதம் கழித்து ஆளையே காணோம். ஆனால் அதற்குள் நான் நஞ்சப்பா மாஸ்டரின் ஷெட்டில் சேர்ந்துவிட்டேன். மர டிப்போவுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஷெட், சொரசொரப்பான சிமெண்டுத் தரை. முதல் இரண்டு வருஷம் ஆண்களுக்கு நடுவே நான் ஒருத்திதான் பெண். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கால் வலித்தது, வீட்டில் சண்டை வந்தது, நான் விடவில்லை. தொண்ணூற்றைந்தில் கறுப்பு பெல்ட் வாங்கினேன்.

மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தபால் ஆபீசில் வேலை, கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மவாஷி கெரியில் உதைக்கிற காலை அவர் பார்க்கவே மாட்டார். நிற்கிற காலைத்தான் பார்ப்பார். முட்டியைப் பக்கவாட்டில் தூக்க வேண்டும், நாய் கரண்ட் கம்பத்தில் தூக்குகிறதே அந்த மாதிரி. பிறகு இடுப்பு திரும்ப வேண்டும். இடுப்பு திரும்ப வேண்டுமானால் நிற்கிற காலின் குதிகால் எதிராளியைப் பார்த்துத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் உதையின் பாரம் முழுக்க நிற்கிற முட்டியில் இறங்கி ஜவ்வு கிழிந்துவிடும். இதை வாயால் ஆயிரம் தடவை சொன்னாலும் கால் கேட்காது. அதனால் மாஸ்டர் பழைய கன்னடப் பேப்பரில் ஒரு தாளை எடுத்து நிற்கிற காலுக்குக் கீழே வைப்பார். பத்து உதை உதைத்ததும் குனிந்து தாளைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நடுவில் ரூபாய் அகலத்துக்கு வட்டமாகத் தேய்ந்து கிழிந்திருந்தால் கால் சரியாகத் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். "ஆய்த்து" என்பார். 'ஆயிற்று' என்கிற அந்தக் கன்னட வார்த்தைதான் அவர் தருகிற பாராட்டு. தாள் அப்படியே இருந்தால் ஒன்றும் சொல்லாமல் நான்காக மடித்து நம் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துப்போய் வைத்துக்கொண்டு அழுதவர்கள் உண்டு. நானும் அழுதிருக்கிறேன்.

இன்னொரு வழக்கமும் அந்த ஷெட்டில் இருந்தது. முகத்துக்குப் போகிற உதை நான்கு விரல் தள்ளி நிற்க வேண்டும். ஜோடி சேர்ந்து பழகும்போது பாதத்தின் மேல்பக்கம் நீலச் சாக்பீஸ் தூளைத் தடவிக்கொள்வோம். எதிராளி மேல் நீலம் பட்டுவிட்டால், பட வைத்தவர் எதிராளியின் உடுப்பை வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்து, இஸ்திரி போட்டு, அடுத்த வகுப்பில் கொண்டுவந்து இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். முதல் வருஷத்தில் எங்கள் வீட்டுக் கொடியில் எப்போதும் யாராவது ஒருத்தருடைய வெள்ளை உடுப்பு காயும். நீ கராத்தே கற்கிறாயா, லாண்டரி வைத்திருக்கிறாயா என்று அந்தோணி கேட்பார்.

மாஸ்டர் எது சொன்னாலும், எது கேட்டாலும் எங்களுக்குப் பதில் ஒன்றுதான்: "ஓஸ்." புரிந்ததா? ஓஸ். இன்னும் ஐம்பது முடியுமா? ஓஸ். அடிபட்டதா? அதற்கும் ஓஸ். ஜப்பான்காரர்களிடமிருந்து வந்த வார்த்தை. வேறு பதில் சொல்லி நான் கேட்டதில்லை, சொன்னதும் இல்லை.

தொண்ணூற்றாறில் பாரிஷ் ஹாலில் பெண்களுக்கென்று தனியாக வகுப்பு ஆரம்பித்தேன். டைப்பிஸ்ட் வேலையை விட்டுவிட்டு இதையே வேலையாக்கிக்கொண்டேன். வாரநாட்களில் இரண்டு பள்ளிக்கூடம், சனிக்கிழமை காலை ஹால். பேப்பர், சாக்பீஸ் தூள், உடுப்பு துவைப்பது, ஓஸ் எல்லாவற்றையும் அப்படியே கொண்டுவந்தேன். மாஸ்டர் செய்ததில் ஒரு நூலைக்கூட மாற்றவில்லை என்பதில் எனக்கு அப்போது பெருமை.

விமலா அதற்கு அடுத்த வருஷம் வந்தாள். என்னைவிட ஒரு வயது சின்னவள். பீன்யாவில் ஒரு சின்ன ஃபேக்டரியில் பிரஸ் மெஷினில் வேலை. கணவன், ஒரு பெண் குழந்தை, எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரத்தில் வாடகை வீடு. எதற்காகக் கற்க வருகிறீர்கள் என்று புதிதாக வருகிற எல்லோரையும் கேட்பேன். "சும்மா, ஒடம்புக்குத்தான் மிஸ்" என்றாள். அதிகம் பேசமாட்டாள். கால் அவ்வளவு சுலபமாக மேலே வராது. ஆனால் அவளிடம் ஒரு விஷயத்தைப் பார்த்து நான் அசந்துபோனேன்.

எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொருவர் முகத்துக்கும் நேராக உதைப்பேன். நான்கு விரல் தள்ளிக் காலை நிறுத்திவிடுவேன். எதிராளியின் கால் வருவதைக் கண் திறந்து பார்க்கப் பழக வேண்டும், அதற்காக. யாராக இருந்தாலும் முதலில் கண்ணை மூடுவார்கள், பின்னால் போவார்கள், கத்துகிறவர்களும் உண்டு. நானே ஒரு வருஷம் கண்ணை மூடினேன். விமலா முதல் நாளே அசையவில்லை. கண் சிமிட்டவில்லை. கால் வந்தது, முகத்துக்கு முன்னால் நின்றது, திரும்பிப் போனது. அவள் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

இது பயிற்சியில் வராது, பிறவியிலேயே இருக்க வேண்டும் என்று வகுப்புக்கே சொன்னேன். விமலாவைப் பாருங்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. எதையாவது செய்துகாட்ட வேண்டுமென்றால் அவளைத்தான் எதிரில் நிறுத்துவேன். வைரத்தைக் கண்டுபிடித்துவிட்ட நினைப்பு எனக்கு.

தொண்ணூற்றெட்டில் அந்தச் சனிக்கிழமை. முந்தின நாள் ஹாலில் ஒரு கல்யாண ரிசப்ஷன் நடந்திருந்தது. நான் வழக்கம்போல அரை மணி நேரம் முன்னாலேயே போய், உடைந்த கண்ணாடி, பூச்சரத்துக் குண்டூசி ஏதாவது கிடக்கிறதா என்று மூலை மூலையாகத் தேடினேன். தரையைக் கையால் தடவி, ஈரமில்லை என்று பார்த்துக்கொண்டேன். அவ்வளவு பார்த்தேன். பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை.

அன்றைக்கு முகத்துக்கான மவாஷி கெரியை முதன்முதலாகப் பேப்பர் வைத்துக் காட்டினேன். அதுவரை அந்த ஹாலில் இடுப்பு உயர உதைக்குத்தான் பேப்பர் வைத்திருந்தேன். இடுப்பு உயரத்தில் உடம்பின் பாரம் நிற்கிற காலுக்கு நேர் மேலே இருக்கும். முகத்துக்குப் போகும்போது உடம்பு பின்னால் சாயும், பாரம் தரையைப் பக்கவாட்டில் தள்ளும். மாஸ்டரின் ஷெட் தரை சொரசொரப்பு, பேப்பரைப் பிடித்துக்கொள்ளும். பாரிஷ் ஹால் தரை வழவழப்பான மொசைக். கல்யாணத்துக்காக வேறு தேய்த்து மினுக்கியிருந்தார்கள்.

பாதத்தில் சாக்பீஸ் தூளைத் தடவிக்கொண்டேன். விமலா எதிரில் நின்றாள். காலைத் தூக்கி இடுப்பைத் திருப்பினேன். பேப்பர் காலோடு சேர்ந்து முன்னால் வழுக்கியது. நான்கு விரல் தள்ளி நிற்க வேண்டிய என் கால், நிற்காமல் அவள் காதுக்கு மேலே இறங்கியது. அந்தச் சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது. கட்டையை மேஜையில் வைத்த மாதிரி ஒரு சின்னச் சத்தம்தான்.

விழுந்தது நான். பின்பக்கம் அடிபட உட்கார்ந்துவிட்டேன். வகுப்பு முழுக்க என்னிடம் ஓடி வந்தது. மிஸ்ஸுக்கு என்ன ஆச்சு, இடுப்பா, கையா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். விமலா ஒரு எட்டு பக்கவாட்டில் போய், திரும்பத் தன் இடத்துக்கு வந்து நின்றாள். காதிலிருந்து கன்னம் வரைக்கும், சட்டைக் காலரிலும் நீலம். பிறகு அவளும் வந்து, என்னைத் தூக்கிவிடக் கை நீட்டினாள்.

"விமலா, ஒண்ணும் ஆகலையே?" என்று கீழே உட்கார்ந்தபடியே கேட்டேன்.

"ஓஸ், மிஸ்" என்றாள்.

நான் எழுந்து வகுப்பைத் தொடர்ந்தேன். இந்த வாக்கியத்தை எழுதுவதற்குத்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் வகுப்பு நடந்தது. விமலா எல்லாவற்றையும் செய்தாள். நடுவில் ஒரு தடவை பாத்ரூம் போக அனுமதி கேட்டுப் போனாள். திரும்பி வந்தபோது முகம் ஈரமாக இருந்தது. சாக்பீஸ் தூளைக் கழுவிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

வகுப்பு முடிந்ததும், வழக்கப்படி உடுப்பைக் கழற்றிக் கொடு, நான் துவைத்துத் தருகிறேன் என்றேன். பரவாயில்லை, நானே துவைத்துக்கொள்கிறேன் என்றாள். நான் விடவில்லை, வழக்கம் என்றால் வழக்கம்தான். புடவைக்கு மாறிவிட்டு, உடுப்பைச் சுருட்டி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாயை முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். வியர்வை உடுப்பைக் கொடுக்கக் கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினொன்றரை மணி இருக்கும், வாளியில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு முடிச்சை அவிழ்த்தேன். புளித்த வாடை அடித்தது. சட்டையின் வலது கை முழங்கை வரைக்கும் ஈரமாக இருந்தது. கழுவிப் பார்த்திருக்கிறாள், கறை போகவில்லை. வாந்தி.

தலையில் அடிபட்டவர் வாந்தி எடுத்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று முதலுதவி வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நானே அதை என் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எழுந்த வேகத்தில் வாளி கவிழ்ந்துவிட்டது. நனைந்த புடவையோடு எதிர் டெலிபோன் பூத்துக்கு ஓடினேன். ரிஜிஸ்டரில் விமலா கொடுத்திருந்தது பக்கத்து வீட்டு நம்பர். அந்த அம்மா விமலாவின் கணவனைக் கூப்பிட்டுவர, நான் மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் வந்து, அவள் பத்தரைக்கே வேலைக்குக் கிளம்பிவிட்டாள் என்றார். எந்த ஃபேக்டரி என்று கேட்டேன். பீன்யா இரண்டாவது ஸ்டேஜில் ஒரு பேக்கரிக்கு எதிரில் என்று அடையாளம் சொன்னார். தலையில் பலமான அடி, என் கால்தான் பட்டுவிட்டது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன்.

"அவளுக்கா?" என்று சிரித்தார். "அதெல்லாம் தாங்குவா மிஸ். நீங்க வொர்ரி பண்ணிக்காதீங்க."

எனக்கு அப்போது அது ஆறுதல் வார்த்தையாகத்தான் பட்டது. ஆனாலும் மனசு அடங்கவில்லை. அந்தோணி ஸ்கூட்டரை எடுத்தார். பின்னால் உட்கார்ந்துகொண்டு நான் மாதாவைக் கூப்பிட்டேன், சிக்னலைத் திட்டினேன், அந்தோணியைத் திட்டினேன். யஷ்வந்த்பூரில் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டபோதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. விமலா பிரஸ் மெஷினில் வேலை செய்கிறவள். தலை சுற்றுகிற ஒருத்தி இரும்புத் தகட்டை அச்சுக்குள் வைத்து வைத்துக் கையை எடுக்கிறாள். கை எடுக்க அரை நொடி தாமதித்தால் போதும்.

கேட்டில் செக்யூரிட்டி விடவில்லை. வேலை நேரத்தில் யாரையும் பார்க்க முடியாது, டீ நேரத்துக்கு வாருங்கள் என்று கன்னடத்தில் சொன்னார். கன்னடம் எனக்குத் தமிழ் மாதிரிதான் வரும், அன்றைக்கு அதுவும் வரவில்லை. வீட்டில் சாவு என்று பொய் சொன்னேன். அவர் உள்ளே போய் சூப்பர்வைசரை அழைத்துவந்தார். அந்த மனுஷன் என் நனைந்த புடவையைப் பார்த்தாரோ என்னவோ, கேள்வி கேட்காமல் ஷெட் வாசல் வரை கூட்டிப்போனார்.

விமலா மூன்றாவது மெஷினில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தகடு வைத்தாள், கையை எடுத்தாள், காலால் பெடலை மிதித்தாள், அச்சு இறங்கியது. மறுபடி தகடு. நான் வாயைத் திறந்தேன், சூப்பர்வைசர் கையைக் காட்டித் தடுத்தார். ஓடுகிற மெஷினில் இருக்கிறவரைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, திரும்பிப் பார்த்தால் கை உள்ளே போய்விடும் என்று காதருகில் சொன்னார். மெயின் சுவிட்ச் ஷெட்டின் அந்தக் கடைசியில் இருந்தது. அவர் அங்கே நடந்து போனார், ஓடவில்லை, ஓடினாலும் அவள் திரும்பிப் பார்ப்பாளாம். அவர் போய்ச் சேர்வதற்குள் அச்சு பதினோரு தடவை இறங்கியது. ஒவ்வொரு தடவையும் அவள் விரல்களைத்தான் பார்த்தேன். கடைசி இரண்டு தடவை அவள் தகட்டை வைக்கத் தடவித் தேடினாள். என் வாழ்க்கையில் அதைவிட நீளமான நேரம் இருந்ததில்லை.

மெஷின் நின்றது. விமலா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கராத்தே உடுப்பில் இல்லாமல் புடவையில் நின்ற என்னை அடையாளம் தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"விமலா, எப்படி இருக்கு?"

"ஓஸ், மிஸ்" என்று எழுந்து நின்றாள். நின்றவள் அப்படியே என் மேல் சரிந்தாள்.

ஆட்டோவில் போகும்போது இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். ஆஸ்பத்திரிக்குள் போகும்போது நினைவில்லை. ஸ்கேன் எடுத்துவிட்டு, மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் ரத்தம் சேர்ந்துகொண்டிருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டார். நான் உதைத்தேன் என்றேன். அவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஒரு மணி நேரம் கழித்து வந்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார். கணவன் வந்து கையெழுத்துப் போட்டார். என்னிடம் சத்தம்கூடப் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

அவள் பிழைத்தாள். மூன்றாம் நாள் கண் திறந்து தண்ணீர் கேட்டாள். அன்று சாயங்காலமே என் கறுப்பு பெல்ட்டை ஒரு பையில் போட்டுக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொல்லி, இனி எனக்கு இது வேண்டாம் என்று பையை அவர் முன்னால் வைத்தேன். அவர் பையைத் தொடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, ஹாலைக் காட்டு என்றார். ஹாலுக்கு வந்து ஒரு பேப்பரைத் தரையில் வைத்து, அதன் மேல் நின்று, உள்ளங்காலால் மெல்லத் தள்ளிப் பார்த்தார். பேப்பர் ஒரு முழம் போனது. அதே இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"தப்பு என்னுது, ஸ்டெல்லா" என்றார். "நெலம் மாறினா பேப்பர் ஆகாதுன்னு நான் சொல்லியிருக்கணும்."

வழுக்கினது விபத்து மாஸ்டர், அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் அவளை நிற்க வைத்தேனே, அதற்கு என்ன சொல்வது என்று கேட்டேன். அழுதுவிட்டேன். முப்பது வருஷமாக ஓஸ் தவிர வேறு பதிலைத் தானும் யாரிடமும் கேட்டதில்லை என்றார். பிறகு, அந்த அம்மா ஏன் சொல்லவில்லை என்று கேட்டாயா என்றார். இல்லை என்றேன். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

"கேளு. பெல்ட் விஷயம் அப்புறம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டிஸ்சார்ஜ் ஆகிற அன்று போனேன். துவைத்து இஸ்திரி போட்ட உடுப்பை இரண்டு கையாலும் கொடுத்தேன். இடது பக்கம் முடியை மழித்திருந்தார்கள், மேலே ஒரு பருத்தித் துணியைக் கட்டியிருந்தாள். கணவன் ஆட்டோ பார்க்கப் போயிருந்தார். ஏன் விமலா, அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். வகுப்பு கெட்டுப்போகும் என்றோ, என் பயம் தெரிந்ததால் என்றோ, வழக்கம் அப்படி என்றோ சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

விமலா ஒரு தடவை கதவுப்பக்கம் பார்த்தாள்.

"அடிச்சவங்களே வந்து கேக்கறப்ப, ஒண்ணுமில்லன்னுதான் மிஸ் சொல்லணும்" என்றாள். "வேற ஏதாவது சொன்னா இன்னும் ரெண்டு விழும். அது அப்டியே பழகிப்போச்சு."

அவள் குறையாகச் சொல்லவில்லை. டீயில் சர்க்கரை போட வேண்டும் என்கிற மாதிரி சொன்னாள். முகத்துக்கு நேராகக் கால் வந்தபோது அவள் கண் சிமிட்டாமல் நின்றது எதனால் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. வருவதைத் தடுக்க முடியாது, அசைந்தால் அதிகமாகும் என்று பல வருஷமாகத் தெரிந்தவளின் நிற்பு அது. அதைப் பிறவித் திறமை என்று ஊர் முன்னால் மெச்சி, மெச்சி, அவளையே என் காலுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தியவள் நான். கராத்தே தெரியாதவர் யாராவது பார்த்திருந்தால், அந்தப் பெண் ஏன் இப்படி நிற்கிறாள் என்று முதல் நாளே கேட்டிருப்பார்கள். எனக்குத் தெரிந்த வித்தை என் கண்ணை மறைத்துவிட்டது. அவள் கணக்கில் அன்றைக்கு நானும் அடித்தவர்களில் ஒருத்தி. வெட்கமாக இருந்தது, இன்றும் இருக்கிறது.

பெல்ட்டை நான் திரும்பக் கட்டிக்கொண்டேன், மாஸ்டர் சொன்னதற்காக அல்ல, விமலா மறுபடி வருவேன் என்று சொன்னதற்காக. ஆனால் சிலவற்றை மாற்றினேன். பேப்பரை நிறுத்தினேன். உதைத்தவர் நலம் விசாரிக்கக் கூடாது, வேறொருத்திதான் போய்க் கேட்க வேண்டும் என்று வைத்தேன். அதற்கு ஓஸ் என்று பதில் சொன்னால் ஏற்றுக்கொள்ள மாட்டோம். இன்றைக்கு என்ன கிழமை, எந்த பஸ்ஸில் வந்தாய், காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டுப் பதில் வாங்க வேண்டும். கவலை மிஸ்ஸுக்கு முற்றிவிட்டது என்று பெண்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

விமலாவின் வீட்டு விஷயத்தில் நான் பெரிதாக ஒன்றும் கிழித்துவிடவில்லை. பாரிஷில் இரண்டு பெண்களோடு ஒரு தடவை போய்ப் பேசினேன். அந்த மனுஷன் நாற்காலி போட்டு உட்கார வைத்து, கூல்டிரிங்க் வாங்கிவந்து கொடுத்தார். அடுத்த வருஷக் கடைசியில் அவளே மகளைக் கூட்டிக்கொண்டு லிங்கராஜபுரத்தில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அது அவள் முடிவு, அவள் செய்தது.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். டாக்டர் சீட்டோடு விமலா வகுப்புக்குத் திரும்பியிருந்தாள். தலைப்பக்கம் யாரும் உதைக்கக் கூடாது, இடுப்பு உயரத்தில் மட்டும், அதுவும் கையில் உதை தாங்குகிற பஞ்சுப் பேட் பிடித்துக்கொண்டு. ஒரு சனிக்கிழமை, ஒரு காலேஜ் பெண் அவளுக்கு எதிரில் உதைத்துக்கொண்டிருந்தாள். பத்தோ பதினைந்தோ உதை ஒழுங்காகப் பேடில் விழுந்தது. அடுத்தது கொஞ்சம் மேலே தப்பி, விமலாவின் விலாவில் பட்டது. பலமான அடி இல்லை, யாராக இருந்தாலும் தேய்த்துவிட்டுக்கொண்டு தொடர்ந்திருப்பார்கள்.

விமலா பேடைக் கீழே போட்டாள். விலாவைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"வலிக்குது, மிஸ்" என்றாள்.

முதலில் சின்னக் குரலில்தான் சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லையோ என்று நினைத்தோ என்னவோ, மறுபடி ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். எண்ணிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அந்த வார்த்தையை அந்த ஹாலில் அதுவரை யாரும் சொன்னதில்லை. காலேஜ் பெண் அழுகிற மாதிரி நின்றாள். விமலா அவளைப் பார்க்கவில்லை. இப்போது நான் என்ன செய்யப்போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், படபடவென்று கண் சிமிட்டிக்கொண்டு.

நான் வகுப்பை நிறுத்தினேன்.